ஒரே அபார்ட்மெண்ட், ஒரே ஏசி... கரண்ட் பில் மட்டும் ஏன் வேற?

(திரையில்: அபார்ட்மெண்ட் மீட்டர் பாக்ஸ். பக்கத்து பக்கத்துல ரெண்டு மீட்டர்.)

சென்னையில ஒரு அபார்ட்மெண்ட்னு வெச்சுக்குங்க. தரைத்தளத்து வீட்லயும் ஒன்றரை டன் ஏசி, மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கிற வீட்லயும் அதே ஏசி. மே மாசம் ரீடிங் எடுக்கிறப்போ மேல் வீட்டு யூனிட் எகிறியிருக்கும்.

காரணம், தலைக்கு மேல இருக்கிற கான்கிரீட். பகல் முழுக்க வெயில்ல காஞ்சிட்டு, ராத்திரி பத்து மணிக்கும் அனலை உள்ள இறக்கிட்டே இருக்கும். அந்த ஏசி கம்ப்ரஸருக்கு ஓய்வே கிடைக்காது. மாடித் தரையில வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிச்சா சூடு நல்லாவே குறையும். அப்புறம் ரிமோட். ஒரு டிகிரி கூட்டி வெச்சா சுமார் 6 சதவீதம் மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தி திறன் அமைப்பு சொல்லுது. 18-ல வெச்சு கம்பளி போத்திக்கிறவங்க கவனிக்கவும்.

(திரையில்: சீலிங் ஃபேன்)

ஏசி இல்லாத வீட்ல? வீட்ல ஆள் எவ்வளவு நேரம் இருக்காங்கங்கிறதுதான் கணக்கு. பழைய ஃபேன் ஒண்ணு 75 வாட்ஸ். தினம் 15 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 67 யூனிட் தாண்டிடும். தாத்தா பாட்டி பகல்ல வீட்ல இருந்தா, ரெண்டு ரூம்ல ஃபேன் ஓடும். கம்மி கரண்ட்ல ஓடுற புது வகை மோட்டார் வெச்ச 30 வாட்ஸ் பிஎல்டிசி ஃபேன்னா அதே நேரத்துக்கு 27 யூனிட்தான்.

கீசரைப் பார்த்துதான் எல்லாரும் பயப்படுவாங்க. 2000 வாட்ஸ் கீசர் கால் மணி நேரத்துக்கு அரை யூனிட். தினம் அவ்வளவு நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 30 யூனிட், அவ்வளவுதான். போன் சார்ஜரைக் கவனமா பிடுங்கி வைக்கிறவங்க, செட்டாப் பாக்ஸை அப்படியே விட்டுடுறாங்க. டிவி ஆஃப் ஆனாலும் அது 10 வாட்ஸ் இழுத்துட்டு இருந்தா, ரெண்டு மாசத்துல 14 யூனிட்.

(திரையில்: மீட்டர் டிஸ்ப்ளே, நெருக்கத்தில்)

தமிழ்நாட்டுல இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016-லேருந்து. ஆனா மொத்தம் 500-ஐத் தாண்டிட்டா, 101-லேருந்து 200 வரைக்கும் கிடைச்சிட்டிருந்த சலுகை விலையும் போயிடும். 501-ஆவது யூனிட், பழைய யூனிட்டோட விலையையும் சேர்த்து ஏத்திடுது.

அதனால ரீடிங் எடுத்துட்டுப் போன அன்னிக்கே அந்த நம்பரை போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. சரியா ஒரு மாசம் கழிச்சு மீட்டரைப் பார்த்து கழிச்சுப் பாருங்க. 250-ஐத் தாண்டியிருந்தா, மிச்ச மாசம் ஏசிக்கு டைமர் போட்டுட்டுத் தூங்குங்க.