காலேஜ் ஸ்பானிஷ் ஃப்ரீயா? அந்த அக்சஸ் கோட் கதையக் கேளுங்க!

வணக்கம் மக்களே! ஃபால் ரிஜிஸ்ட்ரேஷன் தொறந்ததுல இருந்து கமென்ட்ல ஒரே கேள்விதான். "ஹைஸ்கூல் பிள்ளைங்க ஸ்கூல்ல 2 வருஷம் ஸ்பானிஷ் படிக்கிறத கம்யூனிட்டி காலேஜ்ல ஒரே செமஸ்டர்ல முடிச்சிடலாமாமே?" முடிக்கலாம். ஆனா இது கலிஃபோர்னியா கணக்கு. டெக்சஸ், நியூ ஜெர்சி மக்கள் கோச்சுக்காதீங்க, உங்க ஊர் ரூல் வேற.

யூ.சி., அதாவது கலிஃபோர்னியா யூனிவர்சிட்டில சேர ஹைஸ்கூல்ல என்னென்ன பாடம் படிச்சிருக்கணும்னு சொல்றது ஏ-ஜி லிஸ்ட். அதுல 'இ'ன்னு வர்றதுதான் வேற்று மொழி. 2 வருஷம் கட்டாயம், 3 இருந்தா நல்லதுங்கறாங்க. காலேஜ் கேட்டலாக்கத் தொறங்க. ஸ்பானிஷ் 2-க்கு ப்ரீரெக்விசிட்டா, அதாவது முன்னாடியே முடிச்சிருக்க வேண்டியதா, "ஸ்பானிஷ் 1 அல்லது ஹைஸ்கூல்ல 2 வருஷம்"னு போட்டிருக்கா? அப்ப ஸ்பானிஷ் 1 ஒண்ணே அந்த 2 வருஷத்துக்குச் சமம். வெறும் கான்வர்சேஷன் கிளாஸ் எடுத்துடாதீங்க, அது 'இ'க்குச் செல்லாது. டி ஆன்சா, ஃபுட்ஹில் காலேஜ் பக்கம் இருக்கறவங்க உஷார், அங்க செமஸ்டர் இல்ல, அதவிடச் சின்ன டேர்மா ஓடுற க்வார்ட்டர் சிஸ்டம். யூனிட்ங்கறது கிளாஸோட கிரெடிட் அளவு. 5 க்வார்ட்டர் யூனிட்னா செமஸ்டர் கணக்குல மூணு சொச்சம்தான். எதுவா இருந்தாலும் ஸ்கூல் கவுன்சலர்கிட்ட ஈமெயில்ல கேட்டு வாங்கி வைங்க. யூ.சி. ஒத்துக்கிட்டாலும் ஸ்கூல் டிப்ளமாவுக்கு எவ்வளவு கிரெடிட்னு சொல்றது உங்க டிஸ்ட்ரிக்ட்.

ஃபீஸுக்கு வருவோம். யூனிட்டுக்கு 46 டாலர். ஹைஸ்கூல் பிள்ளைங்க பார்ட்-டைமா, அதாவது 11 யூனிட் வரைக்கும் எடுத்தா, பெரும்பாலான காலேஜ்ல அது தள்ளுபடி. "அப்ப ஃப்ரீதானே?" அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. அக்சஸ் கோட்!

நிறைய செக்ஷன்ல, அதாவது ஒரே பாடத்த வேற வேற ப்ரொஃபசர், வேற வேற நேரத்துல எடுக்கற கிளாஸ்ல, ஹோம்வொர்க் மொத்தமும் பப்ளிஷரோட சைட்ல இருக்கும். கோட் போடலன்னா உள்ளயே விடாது, மார்க் போச்சு. பழைய புக்க மலிவா வாங்கினா அதுல இருக்கற கோட ஏற்கெனவே யாரோ போட்டு முடிச்சிருப்பாங்க. அக்கா வாங்கினது தம்பிக்கு உதவாது. கிளாஸுக்கு ஃபீஸ் சைபராம், ஒரு வரி நம்பருக்கு நூறு டாலரத் தாண்டுமாம். இது என்னங்க நியாயம்? அதனால ஷெட்யூல்ல தேடும்போதே 'ஸீரோ டெக்ஸ்ட்புக் காஸ்ட்' ஃபில்டரப் போடுங்க. அப்படிப்பட்ட செக்ஷன் கிடைக்கலன்னா, ஸ்பானிஷ் 2-க்கும் அதே புக்தானான்னு புக்ஸ்டோர் லிஸ்ட்ல பாருங்க. அதே புக்னா ஒரு செமஸ்டர் கோட விட்டுட்டு நீண்ட நாள் கோட வாங்குங்க. புக்கோட ஐ.எஸ்.பி.என். நம்பர ஒரு எழுத்து விடாம ஒத்துப் பாருங்க. முக்கியமா, சீட் உறுதியாகுற வரைக்கும் காசு கட்டாதீங்க. அந்த சைட்ல ட்ரையல் இருந்தா அத வச்சு ஓட்டுங்க.

ஆங், ஃபார்ம சொல்லாம ஓடிட்டேன் பாருங்க! முதல்ல ஓப்பன் சி.சி.சி.ங்கற கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் சைட்ல அக்கவுண்ட், அப்புறம் அப்ளிகேஷன், ஸ்டூடண்ட் ஐ.டி. வந்ததும் அப்ரூவல் ஃபார்ம். பிள்ளை, பேரன்ட், ஸ்கூல்னு மூணு பேரும் சைன் பண்ணணும். பல காலேஜ்ல ஒவ்வொரு டேர்முக்கும் புதுசா கேப்பாங்க. ஸ்கூல் லீவு விட்டப்புறம் கவுன்சலரப் பிடிக்கவே முடியாது, அதனால மே மாசமே வாங்கிடுங்க.

ஸ்கூல் ஏற்பாடு இல்லாம தனியா எடுக்குற ஹைஸ்கூல் பிள்ளைங்களுக்கு ரிஜிஸ்ட்ரேஷன்ல கடைசி வரிசைதான். வெயிட்லிஸ்ட்னு வந்தா பயப்படாதீங்க. முதல் நாள் கிளாஸுக்குக் கண்டிப்பா போகணும், ஆன்லைன் கிளாஸ்னா முதல் வேலைய முடிச்சிருக்கணும். வராதவங்கள ப்ரொஃபசர் தூக்கிடுவார், அந்த இடத்துக்குத்தான் ஆட் கோட், அதாவது கிளாஸ்ல சேர்ற கோட், கொடுப்பார். அதுக்கும் கெடு உண்டு, வந்த அன்னைக்கே போட்டுடுங்க.

அடுத்தது, "சம்மர்ல ஈஸியா தட்டிடலாம்". எனக்குச் சுத்தமா பிடிக்காத டயலாக்! ஒரு யூனிட்னா கிளாஸ், ஹோம்வொர்க் சேர்த்து குறைஞ்சது 48 மணி நேரம். 5 யூனிட்டுக்கு 240. 16 வாரத்துல அது வாரம் 15, 6 வார சம்மர்ல வாரம் 40! ஹோலா, கிராசியாஸ்னு முதல் வாரம் ஜாலியாதான் போகும். 'இரு'ங்கறதுக்கு ஸ்பானிஷ்ல இருக்கற செர், எஸ்தார்ங்கற ரெண்டு வெர்போட வித்தியாசமும், நடு எழுத்து மாறுற ஸ்டெம் வெர்பும் வந்ததும் பாதிப் பேர் முழிப்பாங்க. சம்மர்ல 2 நாள் விட்டா ஒரு சாப்டரே போயிடும்.

இன்னொண்ணு, அப்பா அம்மா போன் போட்டு மார்க் கேட்டா காலேஜ்ல சொல்ல மாட்டாங்க. "அவனுக்கு 15 வயசுதாங்க"ன்னு கெஞ்சினாலும் வேலைக்காகாது. காலேஜ்ல சேர்ந்துட்டா, மாணவர் ரெக்கார்டப் பாதுகாக்கற ஃபெர்பா சட்டப்படி அந்த உரிமை பிள்ளைக்குப் போயிடுது. ப்ரொஃபசருக்கு ஈமெயிலும் பிள்ளைதான் எழுதணும்.

சரிப்பட்டு வரலன்னா ஆரம்பக் கெடுவுக்குள்ள ட்ராப் பண்ணுங்க, டிரான்ஸ்கிரிப்ட்ல தடமே இருக்காது. அதத் தாண்டினா டபிள்யூ, அதாவது 'வித்ட்ரா', விலகிட்டாங்கன்னு குறிப்பு. முக்கால்வாசி டேர்ம் போயிடுச்சுன்னா வர்ற கிரேடுதான், அது காலேஜ் ரெக்கார்டுல அப்படியே நிக்கும். யூ.சி. அப்ளிகேஷன்ல அந்த டபிள்யூவையும் காட்டணும், மறைக்கக் கூடாது.