வக்கிர புதனுக்கு அஞ்ச வேண்டியதில்லை

பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி அன்பர்களே, யாழ்ப்பாணத்து அவையோரே, வணக்கம்.

புதன் வக்கிரமடையும், அதாவது வானில் பின்னோக்கிச் செல்வதாகச் சொல்லப்படும், மூன்று கிழமைகளில் காணி உறுதி முடிக்கக் கூடாது, கைத்தொலைபேசி வாங்கக் கூடாது, தூரப் பயணம் போகக் கூடாது, ஆகவே அதற்கு முன்பே எல்லாவற்றையும் முடித்து ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று எதிரணித் தலைவர் வாதிட்டார். சோதிடத்தின் மீதுள்ள மதிப்பினாலேயே அவர் அப்படிப் பேசினார். அதே மதிப்போடுதான் நான் அவரை மறுக்கிறேன்.

புதன் உண்மையில் பின்னோக்கி ஓடுவதில்லை. 88 நாள்களில் சூரியனைச் சுற்றிவரும் அக்கிரகம் உள்வட்டத்தில் பூமியை முந்திச் செல்லும்போது, நட்சத்திரங்களுக்கிடையே பின்வாங்குவதாக நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. ஏறக்குறைய 116 நாள்களுக்கு ஒருமுறை நிகழும் இத்தோற்றத்தை நன்கறிந்தே நம் கணிதர்கள் பஞ்சாங்கத்தில் வக்கிரத்துக்கும் வக்கிர நிவர்த்திக்கும் நாள் குறித்தார்கள். அவர்கள் அஞ்சச் சொன்னார்களா? கிரகங்களின் ஆறுவகை வலிமையை அளக்கும் ஷட்பலக் கணக்கில், வக்கிரம் பெற்ற கிரகத்துக்கு இயக்கத்தால் வரும் சேட்டா பலம் கூடுகிறது. நம் சாத்திரம் அதை வலிமையாகவே எண்ணுகிறது. கலியாணத்துக்கு நாள் வைக்கும் சாத்திரியார் நட்சத்திரத்தையும் சந்திரனையும் கொண்டு தாராபலமும் சந்திரபலமும் பார்ப்பார், குருவும் சுக்கிரனும் சூரியனுக்கு அருகில் மறைந்திருக்கும் அத்தமன காலத்தை விலக்குவார், இராகுகாலத்தைக் கழிப்பார். புதன் வக்கிரம் என்பதற்காகக் கலியாண எழுத்தைத் தள்ளிவைத்த சாத்திரியாரை இந்த அவையில் எத்தனை பேர் கண்டிருக்கிறீர்கள்? இந்த அச்சம் மேலைநாட்டுச் சோதிடத்திலிருந்து கைத்தொலைபேசித் திரை வழியாக அண்மையில் நம் வீடுகளுக்குள் வந்தது. அதை நம் முன்னோர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 15 முதல் ஏப்ரல் 7 வரை, ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 11 வரை, நவம்பர் 9 முதல் 29 வரை என மும்முறை புதன் வக்கிரத்தில் இருந்தது. அவ்வாண்டு நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறிய நாள் ஜூலை 29. வக்கிரத்தின் நடுவிலே கொடி ஏறியது. வெளிநாடுகளிலிருந்தும் அடியார்கள் தூரப் பயணம் செய்தே வந்து சேர்ந்தார்கள். கொடியேற்றத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

ஆயத்தம் செய்வதால் என்ன நட்டம் என்றும் எதிரணி கேட்டது. உறுதியை இருமுறை வாசிப்பதும், கைத்தொலைபேசியில் உள்ள படங்களுக்கு வேறோர் இடத்தில் படி எடுத்து வைப்பதும் நல்ல பழக்கங்களே. ஆனால் அவற்றைப் புதனோடு முடிச்சுப் போட்டுவிட்டால், ஆண்டின் ஐந்தில் நான்கு பங்கு நாள்களில் வாசிக்காமலே கையொப்பமிடலாம் என்ற துணிவு வந்துவிடும். நட்டம் அதோடு நிற்பதுமில்லை. கனடாவிலிருந்து இரண்டு கிழமை விடுப்பில் வந்து, வயதான தாயின் பெயரிலுள்ள காணியை நொத்தாரிசிடம் முடித்துவிட்டுப் போக வேண்டிய மகனை எண்ணிப் பாருங்கள். வக்கிரம் மூன்று கிழமை, அவருடைய விடுப்போ இரண்டு கிழமை. அடுத்த முறை அவர் வரும்வரை அந்தத் தாய் கையொப்பமிடும் நிலையில் இருப்பார் என்று எதிரணியினர் பொறுப்பேற்பார்களா? நடுவர் அவர்கள் எதிரணியினரிடம் இதற்கு விடை கேட்டுப் பெற்ற பின்னரே தீர்ப்பளிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டு அமைகிறேன்.