வாங்கப்படாத பாதி

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் கால்பந்து ஆர்வலர்களுக்கும் என் வணக்கம்.

கேரி பர்ட்டில்ஸ் என்ற ஆங்கிலேய முன்கள ஆட்டக்காரரிலிருந்து தொடங்குகிறேன். தரைவிரிப்பு பொருத்தும் வேலை செய்துகொண்டே லாங் ஈட்டன் யுனைடெட் என்னும் சிற்றணிக்கு ஆடிக்கொண்டிருந்த அவரை, 1976-இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2,000 பவுண்டுக்கு வாங்கியது. 1978 செப்டம்பரில், அப்போதைய ஐரோப்பியச் சாம்பியனான லிவர்பூலுக்கு எதிராக அவர் கோல் அடித்தார். 1979-இலும் 1980-இலும் ஃபாரஸ்ட் அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது, அந்த அணியின் முன்வரிசையில் நின்றவர் அவர். 1980 அக்டோபரில் மான்செஸ்டர் யுனைடெட் அவரை 12.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அந்தப் பருவத்தில் யுனைடெட்டுக்காக அவர் ஆடிய 25 லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூட விழவில்லை. முதல் லீக் கோல் வந்தது 1981 செப்டம்பரில்தான். அதற்கு அடுத்த ஆண்டே, வாங்கிய விலையில் கால்பங்குக்கும் குறைவான தொகைக்கு அவர் ஃபாரஸ்டுக்குத் திரும்பினார்.

கோப்பைகளைக் கொண்டு அளந்தால், 1980-இல் ஃபாரஸ்ட்தான் பெரிய கிளப். ஆனாலும் யுனைடெட்டுக்குப் போனதை எல்லோரும் ‘மேலே போனதாக’வே எண்ணினார்கள். ஆகவே பெரிய கிளப் என்று நாம் சொல்லும்போது வெற்றிகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்வதில்லை. கூட்டத்தையும், பழைய புகழையும், ஒவ்வொரு சனிக்கிழமையும் வென்றே தீர வேண்டும் என்ற எதிர்பார்ப்பையும் சேர்த்தே சொல்கிறோம்.

இப்படித் தடுமாறுகிறவர்களைப் பற்றி உலகம் சொல்லும் தீர்ப்பு ஏறக்குறைய ஒன்றே: “அவருக்கு மன உறுதி போதவில்லை, பெரிய மேடையின் பாரத்தைத் தாங்க முடியவில்லை.” நானும் பல ஆண்டுகள் அந்தத் தீர்ப்பை ஐயமின்றி நம்பியவன். இன்று அது பெரும்பாலும் அநீதியானது என்று கருதுகிறேன். ஓர் ஆட்டக்காரரின் திறமை முழுவதும் அவருடைய கால்களில் இருப்பதில்லை. அவருக்குப் பந்து எங்கே, எந்தத் திசையிலிருந்து, எத்தனை முறை வருகிறது, அவர் தலை நிமிரும்போது முன்னால் யார் ஓடிக்கொண்டிருக்கிறார், அவர் தவறவிட்டால் பின்னால் யார் நிற்கிறார் என்பவற்றில் பாதித் திறமை இருக்கிறது. பெரிய கிளப் பணம் கொடுத்து வாங்குவது கால்களை. அந்தப் பாதி பழைய ஊரிலேயே தங்கிவிடுகிறது. இதை ஒருவருடைய கதையைக் கொண்டு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கால்வின் ஃபிலிப்ஸ் 1995-இல் லீட்ஸ் நகரில் பிறந்தவர். வொர்ட்லி பகுதியின் சிறுவர் அணியிலிருந்து லீட்ஸ் யுனைடெட்டின் இளையோர் பயிற்சிக் கூடத்துக்கு வந்து, 2015-இல் முதல் அணியில் அறிமுகமானார். 2018-இல் அர்ஜென்டினப் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா வரும்வரை, இரண்டாம் நிலை லீக்கில் ஆடும் சுமாரான நடுக்கள ஆட்டக்காரர்களுள் ஒருவராகவே இருந்தார். பியெல்சா அவரைத் தற்காப்பு வரிசைக்குச் சற்று முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அது உடனே பலித்துவிடவில்லை. 2018 ஆகஸ்டில் சுவான்சியுடனான ஆட்டத்தில் 28-ஆம் நிமிடத்திலேயே அவரை வெளியே அழைத்துக்கொண்டார். ஆனால் அதோடு கைவிட்டுவிடாமல், அந்த இடத்துக்காகவே அவரை வளர்த்தெடுத்தார். 2020-இல் லீட்ஸ் 16 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்குக்கு ஏறியது. அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, அந்த ஆண்டு செப்டம்பரில் டென்மார்க்குக்கு எதிராக ஃபிலிப்ஸ் இங்கிலாந்துச் சட்டையை அணிந்துவிட்டார். 2021-இல் நடந்த ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் இங்கிலாந்து இறுதி ஆட்டம்வரை ஆடிய ஏழு ஆட்டங்களிலும் தொடக்கத்திலிருந்தே களத்தில் இருந்தார்.

பியெல்சாவின் லீட்ஸ், களம் முழுவதும் ஆளுக்கு ஆள் துரத்தும் அணி. ஆட்டம் இரு முனைகளுக்கும் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும்; நடுவே பெரிய வெளிகள் திறந்து மூடும். ஃபிலிப்ஸ் பின்னிறங்கி இரு மையத் தற்காப்பாளர்களுக்கு நடுவில் நின்று, களம் முழுவதையும் முகத்துக்கு நேரே பார்த்தபடி பந்தைப் பெறுவார். அங்கிருந்து நாற்பது, ஐம்பது கெஜத்துக்குக் குறுக்காகப் பறக்கும் பாஸ், பக்கவாட்டில் ஓடும் சக ஆட்டக்காரரின் காலடியில் விழும். பந்து இல்லாதபோது ஓடுவது, மோதுவது, பறிப்பது. அணியின் மூச்சே அவர் வழியாகத்தான் போய் வந்தது. காயத்தால் அவர் இல்லாத நாட்களில் லீட்ஸ் தள்ளாடியதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

2022 ஜூலையில் மான்செஸ்டர் சிட்டி அவரை ஏறக்குறைய 4.2 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அங்கே அதே இடத்தில் ரோட்ரி இருந்தார். இடத்தின் பெயர்தான் ஒன்று, வேலை வேறு. சிட்டிக்கு எதிராக ஆடும் அணிகள் பெரும்பாலும் தங்கள் கோலுக்கு முன்னால் கூடி நின்று அடைத்துக்கொள்ளும். பந்து சிட்டியிடமே இருக்கும். ஐம்பது கெஜப் பாஸை அனுப்புவதற்கு எதிரே வெற்றிடமே இல்லை. நடுவில் நிற்பவர் எதிரணிக் கோலுக்கு முதுகைக் காட்டியபடியோ பக்கவாட்டாகவோ பந்தைப் பெற வேண்டும். அது காலுக்கு வருமுன் இரண்டு தோள்களுக்கு மேலும் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு தொடுதலில் நெருக்கடியிலிருந்து விலகி, மறு தொடுதலில் பத்து கெஜத்துக்குள் நிற்பவரின் சரியான காலுக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் எதிர்த்தாக்குதலில் பாதிக் களம் வெறிச்சோடிக் கிடக்கும். ஃபிலிப்ஸ் மோசமான ஆட்டக்காரர் ஆகிவிடவில்லை. அவரிடம் எது சிறந்ததோ அதற்கு அங்கே வேலை இல்லை; எதற்கு வேலை இருந்ததோ அதை அவர் எங்கும் அன்றாடம் செய்து பழகியிருக்கவில்லை.

பழகலாமே என்று கேட்பீர்கள். ரோட்ரியே அப்படிப் பழகியவர்தான். 2019-இல் அட்லெட்டிகோ மாட்ரிட்டிலிருந்து வந்தபோது, ஃபெர்னாண்டினியோ நிரப்பிய இடத்தில் நிற்க அவருக்கும் காலம் பிடித்தது. ஆனால் அந்த முதல் பருவத்திலேயே அவர் பெரும்பாலான லீக் ஆட்டங்களில் இறங்கினார். தவறுகளைக் களத்தில் செய்து, களத்திலேயே திருத்திக்கொண்டார். ஃபிலிப்ஸ் வந்தபோது ரோட்ரி உலகின் தலைசிறந்தவர்களுள் ஒருவராகியிருந்தார். அவரை உட்காரவைக்கும் காரணம் எந்த வாரமும் வரவில்லை. 2022 செப்டம்பரில் ஃபிலிப்ஸுக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை நடந்தது; பிறகு உலகக் கோப்பை; திரும்பி வந்ததும், அவர் கூடுதல் எடையோடு வந்திருப்பதாகப் பயிற்சியாளர் பெப் கார்டியோலா செய்தியாளர்களிடமே சொல்லிவிட்டார். அந்தச் சொல் தம் தன்னம்பிக்கையைப் பாதித்ததாக ஃபிலிப்ஸ் பின்னர் கூறினார். 2024-இல் கார்டியோலா அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சிட்டி மூன்று பெரிய கோப்பைகளையும் வென்ற அந்தப் பருவத்தில் ஃபிலிப்ஸ் தொடக்கத்திலிருந்து ஆடிய லீக் ஆட்டங்கள் இரண்டே இரண்டு. இரண்டும் பட்டம் உறுதியான பிறகு வந்தவை.

லீட்ஸிலிருந்து மான்செஸ்டர் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. மொழி அதே, மழை அதே, லீக் அதே. அயல்நாட்டுக்குப் போய்த் தனிமையில் வாடினார், உணவு ஒத்துவரவில்லை, பேச ஆளில்லை என்று சொல்ல இங்கே வழியே இல்லை. அத்தகைய துன்பங்கள் பலரை வீழ்த்தியிருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை எதுவும் இல்லாத இடத்திலும் ஒரு நல்ல ஆட்டக்காரர் இப்படித் தேய முடியும் என்பதற்காகவே இவரைத் தேர்ந்தெடுத்தேன்.

2024 ஜனவரியில் அவர் கடன் ஒப்பந்தத்தில் வெஸ்ட் ஹாமுக்குப் போனார். முதல் ஆட்டம் போர்ன்மத்துடன். மூன்றாவது நிமிடத்தில் அவர் செய்த பிழையில் பந்து டொமினிக் சொலாங்கேயிடம் போய், கோலாக முடிந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டது வருத்தமே. பதினெட்டு மாதங்களாக ஒழுங்காக ஆட்டமே கிடைக்காத ஒருவருக்கு, எதிராளி எவ்வளவு அருகில் வந்துவிட்டார் என்று உடல் தானாகச் சொல்லும் அந்த உணர்வு மங்கியிருக்கும். பயிற்சித் திடலில் அது திரும்பி வராது, ஆட்டத்தில்தான் வரும். ஆட்டமோ, அது திரும்பிய பிறகுதான் கிடைக்கும். அந்த ஆண்டின் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்புக்கு இங்கிலாந்து அணியில் அவர் பெயர் இல்லை.

வேறொரு காரணமும் உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் தோட்டத்து மாமரம் ஓர் ஆண்டு கிளை தாழக் காய்த்தால், மறு ஆண்டு அவ்வளவு காய்ப்பதில்லை என்பது நமக்குத் தெரிந்ததே. ஆட்டக்காரரைப் பெரிய கிளப் வாங்குவது எப்போதும் காய்த்துக் குலுங்கிய ஆண்டின் முடிவில்தான். அந்தப் பருவத்தில் அவருடைய திறமையோடு அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும்: கம்பத்தில் பட்டுத் திரும்ப வேண்டிய பந்து உள்ளே போயிருக்கும், காயம் அண்டாமல் இருந்திருக்கும். அடுத்த பருவம் அவர் பழைய கிளப்பிலேயே இருந்திருந்தாலும் சற்று இறங்கியிருப்பார். அங்கே அதை யாரும் பெரிதுபடுத்தியிருக்க மாட்டார்கள். புதிய இடத்தில் அந்த இயல்பான இறக்கமே தோல்வி என்று எழுதப்படுகிறது.

குறை மன உறுதியில் இல்லை என்பதற்கு, நெதர்லாந்தின் முன்கள ஆட்டக்காரர் டெனிஸ் பெர்க்காம்பின் இத்தாலிய ஆண்டுகள் இன்னும் தெளிவான சான்று. 1993-இல் அயாக்ஸிலிருந்து, அன்று உலகின் பணக்கார லீக்காக விளங்கிய இத்தாலியின் இண்டர் மிலானுக்கு அவர் போனார். இரண்டு பருவங்களில் 52 லீக் ஆட்டங்கள், 11 கோல்கள். முதல் பருவத்தில் இண்டர் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில்தான் கீழ்நிலை லீக்குக்கு இறங்காமல் தப்பியது. ஆனால் அதே பருவத்தில், அதே சட்டையில், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யுஇஎஃப்ஏ கோப்பையில் அவர் 8 கோல்கள் அடித்தார். இண்டர் அந்தக் கோப்பையை வென்றது. மனம் தளர்ந்துவிட்ட ஒருவர் புதன்கிழமை ஐரோப்பிய ஆட்டத்தில் தளராமலும் ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டத்தில் தளர்ந்தும் இருக்க முடியுமா? இத்தாலிய லீக்கில் அணி பின்வாங்கி நின்றது. அவர் துணையின்றி முன்னால் நின்றார். நடுக்களத்துக்கும் தாக்குதல் வரிசைக்கும் இடையிலான இடைவெளியில் பந்தைப் பெற்றுத் திரும்புவதே அவர் கலை. அங்கே அந்த இடைவெளிக்குப் பந்து வருவதே அரிதாக இருந்தது. 1995-இல் 75 லட்சம் பவுண்டுக்கு ஆர்சனல் வாங்கியபோது, முதல் சில ஆட்டங்களில் கோல் வராததைக் கண்டு ஆங்கிலப் பத்திரிகைகள் எள்ளி நகையாடின. செப்டம்பர் 23 அன்று சவுத்தாம்டனுக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்தார். அதன் பிறகு அங்கே அவர் ஆடியது பதினோர் ஆண்டுகள்.

சில வேளை, தேர்ந்தெடுத்தவரே இல்லாமல் போய்விடுகிறார். கிரிஸ்டல் பேலஸின் வில்ஃபிரட் ஸாஹாவை 2013 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியது. அதன் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் தேர்ந்தெடுத்த கடைசி ஆட்டக்காரர் அவர்தான். ஸாஹா மான்செஸ்டருக்கு வந்து சேர்வதற்குள் ஃபெர்குசன் ஓய்வு பெற்றுவிட்டார். புதிய பயிற்சியாளரின் கீழ் அவர் இறங்கிய லீக் ஆட்டங்கள் இரண்டு மட்டுமே. பேலஸுக்குத் திரும்பிச் சென்று, பல ஆண்டுகள் அந்த அணியைத் தம் தோளில் சுமந்தவரைப் பார்த்துத் தைரியம் இல்லாதவர் என்று யார் சொல்ல முடியும்?

சிறிய இடத்திலிருந்து போய் நிலைத்தவர்களும் பலர் இருக்கிறார்கள்; அவர்களுள் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆண்ட்ரூ ராபர்ட்சன். 2017-இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிப்போன ஹல் சிட்டியிலிருந்து சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு லிவர்பூல் அவரை வாங்கியது. பயிற்சியாளர் யுர்கன் குளோப் அவரை உடனே நிலையான இடத்தில் நிறுத்திவிடவில்லை. மாதக்கணக்கில் பயிற்சியில் வைத்து, எப்போது ஓட வேண்டும், எப்போது ஓடக்கூடாது என்பதைப் பழக்கினார். அடுத்த ஆண்டு மொனாகோவிலிருந்து வந்த ஃபபின்யோவும் லீக்கில் தொடக்க ஆட்டக்காரராக இறங்க அக்டோபரின் பிற்பகுதிவரை காத்திருந்தார். பொறுமையால் மட்டும் ராபர்ட்சனுக்கு இடம் கிடைத்துவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2017 டிசம்பரில் இடப்புறத் தற்காப்பாளர் ஆல்பர்ட்டோ மோரேனோ காயமடைந்தார், கதவு திறந்தது. ஃபிலிப்ஸுக்குத் திறக்காத கதவு அது.

2018 ஜனவரி 14 அன்று தன் சொந்த அரங்கமான ஆன்ஃபீல்டில் மான்செஸ்டர் சிட்டியை லிவர்பூல் 4-3 என்று வென்ற ஆட்டத்தில், இடப்புறத் தற்காப்பாளரான ராபர்ட்சன் பந்தைத் துரத்தத் தொடங்கினார். சிட்டி ஆட்டக்காரர்கள் பந்தை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நகர்த்த, அவரும் விடாமல் ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் பாய்ந்து, கோல்காப்பாளர் எடர்சன்வரை போய்விட்டார்; அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. ஹல் சிட்டியிலும் அவருக்கு இருந்தவை இதே கால்கள்தாம். ஆனால் அங்கே ஒரு தற்காப்பாளர் தம் இடத்தை விட்டு அவ்வளவு தூரம் ஓடியிருந்தால், அது பொறுப்பின்மையாகவே எண்ணப்பட்டிருக்கும். அன்று ஆன்ஃபீல்டில் அந்த ஓட்டம் அணியின் வழக்கமான வேலைகளுள் ஒன்று. அவர் முன்னால் போகும்போது பின்னால் திறக்கும் இடத்தைப் பிறர் நகர்ந்து அடைக்க வேண்டும் என்பது மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கப்பட்டிருந்தது.