எட்டரைக்கு வரச் சொன்னார்கள், ஒன்பதேகாலுக்குப் போனேன்

நடுவர் அவர்களே, உள்ளூர் மொழி தெரியாமலேயே வெளிநாட்டில் படித்து முடித்துவிடலாம் என்று எதிரணித் தம்பி அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். வகுப்பு ஆங்கிலத்தில், தேர்வு ஆங்கிலத்தில், மிச்சத்துக்குக் கைப்பேசி இருக்கிறதாம். சரி, முடிக்கலாம், ஜெர்மனியில் நானும் அப்படித்தான் முடித்தேன். ஆனால் வகுப்பு நாளைக்கு நாலு மணி நேரம். மீதி இருபது மணி நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

போன புதிதில் கையெல்லாம் அரிப்பு. தோல் டாக்டரிடம் நேரம் கேட்டு போன் போட்டேன், அந்த அம்மா 'ஹால்ப் நொய்ன்' என்று சொல்லி வைத்துவிட்டார். நொய்ன் என்றால் ஒன்பது, அதுவரை தெரியும். ஹால்ப் என்றால் பாதி, அதை ஆங்கிலமே சொல்லிக்கொடுத்துவிட்டது. ஆக ஒன்பதரை! ஒன்பதேகாலுக்கே போய் நின்றேன், சீக்கிரம் வந்துவிட்ட பெருமை வேறு. அங்கே 'பாதி ஒன்பது' என்றால் எட்டு முடிந்து ஒன்பதுக்குப் பாதி வழி, நம்ம எட்டரை. அடுத்த நேரம் மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது, அதுவரை சொறிந்துகொண்டே பாடம் படித்தேன். தம்பி, அன்றைக்கு என்னைக் கவிழ்த்தது நீங்கள் போதும் என்று சொன்ன அந்த ஆங்கிலம்தான்.

கைப்பேசி மொழிபெயர்க்கும், இல்லையென்று யார் சொன்னது? எந்தக் காகிதத்தை அதற்குக் காட்டவேண்டும் என்பதல்லவா தெரியவேண்டும்! அங்கே குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிந்தாக வேண்டும். பதிந்த கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வந்தது. ஏதோ விளம்பரம் என்று சோற்றுப்பானைக்கு அடியில் வைத்தோம். அது வானொலி, தொலைக்காட்சிக் கட்டணமாம், டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. அபராதத்தோடு அடுத்த கடிதம் வந்தபிறகுதான் முதல் கடிதத்தைத் தேடினோம், அதில் பாதி கரி.

அப்புறம் பகுதிநேர வேலை. 2024 மார்ச்சிலிருந்து நம்ம ஊரிலிருந்து போகிற மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் கல்லாவில் உட்கார்ந்தால் நாற்பத்தேழை 'ஏழும் நாற்பதும்' என்று திருப்பிச் சொல்வார்கள், நான் எழுபத்துநாலு என்று எழுதுவேன். அதனால் எனக்கு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற இடம்.

அங்கே சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சிரித்தால் நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன், பழகிவிட்டது. ஒருநாள் கூட வேலைசெய்த பெரியவர் ஏதோ சொல்லி நிறுத்தினார், நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவருடைய நாய் செத்துப்போனதைச் சொல்லியிருக்கிறார். நடுவர் அவர்களே, கைப்பேசி அப்போதும் என் பையில்தான் இருந்தது.