படிக்காத கல்லூரிக்குக் கொடி பிடிப்பவர்கள்

அலபாமாவில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்

எல்லோருக்கும் வணக்கம்.

அலபாமாவுக்குக் குடிவந்த யாரையும் இந்த ஊர்க்காரர்கள் சீக்கிரமே ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். நீங்கள் அலபாமாவா, ஆபர்னா? முடிவெட்டும் கடையில் கேட்பார்கள், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் கேட்பார்கள், வீட்டுக்கு ஏசி சரிபார்க்க வருபவர் கேட்பார். இரண்டும் இந்த மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள். கேள்வி அவற்றின் ஃபுட்பால் அணிகளைப் பற்றியது, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால். நீங்கள் எங்கே படித்தீர்கள் என்பது அதில் சேர்த்தியே இல்லை. கோவையில் படித்தவரும் யாழ்ப்பாணத்தில் படித்தவரும் ஏதாவது ஒரு பக்கம் நின்றாக வேண்டும். கேட்கிறவரும் அநேகமாக அந்த இரண்டிலும் படித்திருக்க மாட்டார்.

அவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். மாணவராக ஒரு நாளும் உள்ளே போகாத கல்லூரியின் அணிக்காக வாழ்நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறவர். அவருக்கு இந்த நாட்டில் பல பெயர்கள். ‘சைட்வாக் அலம்னை’ என்பார்கள்: நடைபாதையில் நின்றே பழைய மாணவர் ஆகிவிட்டவர். ‘டி-ஷர்ட் ஃபேன்’ என்பார்கள். மிச்சிகனின் வுல்வரின் அணியை ஆதரிப்பவர் என்றால் ‘வால்மார்ட் வுல்வரின்’. வால்மார்ட்டில் சட்டை வாங்கியதுதான் அவருக்கும் கல்லூரிக்கும் உள்ள ஒரே தொடர்பு என்று குத்துகிறார்கள். பட்டம் வாங்கியவர்கள் இதைச் சொல்லும்போது குரலில் ஓர் இளக்காரம் இருக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை. இந்த ஆட்டம் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததே அந்த மனிதர்களால்தான். பல்கலைக்கழகங்கள் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கின்றன, அந்தக் கடனில் பெரும்பகுதி இன்னும் அப்படியே நிற்கிறது. இதுதான் என் கட்சி.

முதலில் நியூயார்க்குக்குப் போவோம். இந்தியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்ற ஊரில், பிரான்சிலிருந்து வந்த எட்வர்ட் சோரின் என்ற பாதிரியார் 1842-இல் தொடங்கிய கத்தோலிக்கக் கல்லூரி நோட்டர் டேம். 1913-இல் அதன் அணி வெஸ்ட் பாயிண்டுக்குப் போய் ராணுவக் கல்லூரி அணியை 35-13 என்று தோற்கடித்தது. அன்று பந்தைத் தூரத்தில் ஓடிப் பிடித்தவர்களில் ஒருவர் நூட் ராக்னி, நார்வேயில் பிறந்து சிறுவனாக இங்கே வந்தவர். பிறகு 1918-இலிருந்து 1930 வரை அவரே பயிற்சியாளர். ராணுவ அணியோடு நடக்கும் ஆண்டு ஆட்டம் 1920-களில் நியூயார்க் நகரத்துக்கு மாறியது, சீக்கிரமே யாங்கி ஸ்டேடியத்தில் நிலைத்தது.

அந்த ஸ்டேடியத்துக்கு ஐந்து சென்ட் டிக்கெட்டில் சப்வே ரயிலேறி வந்தவர்கள் ஐரிஷ், இத்தாலிய, போலந்துக் குடியேறிகளும் அவர்கள் பிள்ளைகளும். மூட்டை தூக்குகிறவர்கள், போலீஸ்காரர்கள், தையல் வேலைக்காரர்கள். சவுத் பெண்ட் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடப் பலருக்குத் தெரிந்திருக்காது. ‘சப்வே அலம்னை’ என்ற பெயர் அவர்களுக்கு வந்ததுதான். கல்லூரிப் படிப்பு அவர்கள் கைக்கு எட்டாத காலம் அது. 1940-இல்கூட இந்த நாட்டில் 25 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான் நான்காண்டுப் படிப்பை முடித்திருந்தார்கள். பெண்களுக்கோ கதவே இல்லை. நோட்டர் டேம் இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்தது 1972-இல். ‘அந்தக் கல்லூரியில் நீ படித்தாயா?’ என்று அன்றைய ஒரு பெண் ரசிகையிடம் கேட்பது எவ்வளவு அநியாயம், யோசித்துப் பாருங்கள்.

1928 நவம்பரின் ஒரே ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். கத்தோலிக்கர் என்றாலே சந்தேகத்தோடு பார்த்த காலம். போப்புக்குக் கட்டுப்பட்டவன் அமெரிக்கனாக இருக்க முடியுமா என்று மேடை போட்டே கேட்டார்கள். இந்தியானாவில், கறுப்பினத்தவரையும் கத்தோலிக்கரையும் வெறுத்த கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையர் அமைப்பு கொடிகட்டிப் பறந்தது. 1924 மே மாதம் அந்தக் கூட்டம் சவுத் பெண்டில் திரண்டபோது நோட்டர் டேம் மாணவர்கள் தெருவில் இறங்கி மோதினார்கள். அந்தச் சூழலில் ஒரு பெரிய கட்சியின் சார்பில் அதிபர் தேர்தலில் நின்ற முதல் கத்தோலிக்கர், நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித். தந்தை இறந்துபோனதால் எட்டாம் வகுப்பைக்கூட முடிக்காமல் வேலைக்குப் போனவர். என்ன பட்டம் என்று கேட்டால் ‘எஃப்.எஃப்.எம்.’ என்பார். ஃபுல்டன் ஃபிஷ் மார்க்கெட், அதாவது அவர் வேலை பார்த்த மீன் சந்தை.

நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை தேர்தல். ஸ்மித் படுதோல்வி அடைந்தார், சொந்த நியூயார்க் மாநிலமே கைவிட்டது. நான்கு நாள் கழித்து சனிக்கிழமை, யாங்கி ஸ்டேடியத்தில் 70,000 பேருக்கு மேல். எதிரே அந்தப் பருவத்தில் அதுவரை தோற்காத ராணுவ அணி. 1920-இல் இளம் வயதிலேயே இறந்துபோன ஜார்ஜ் கிப் என்ற வீரரை நினைவூட்டி ராக்னி அன்று தன் பையன்களிடம் பேசியது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதைவிடப் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள்தான் முக்கியம். நீ இந்த நாட்டுக்காரனே இல்லை என்று செவ்வாய்க்கிழமை பிறர் சொல்லக் கேட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். சனிக்கிழமை அவர்கள் பெயர் கொண்ட, அவர்கள் கோயிலுக்குப் போகிற பையன்கள் நாட்டின் ராணுவ அணியையே 12-6 என்று வீழ்த்தினார்கள். அந்த மக்களுக்கு நோட்டர் டேமோடு இருந்த உறவை மார்க் ஷீட்டை வைத்து அளக்க முடியுமா?

சரி, நம் மாநிலத்துக்கு வருவோம். 1926 ஜனவரி முதல் தேதி கலிபோர்னியாவில் ரோஸ் பவுல் ஆட்டம். அலபாமா அணி வாஷிங்டன் பல்கலைக்கழக அணியை 20-19 என்று வென்றது. பருத்தி, கரி, கடன், தோற்றுப்போன உள்நாட்டுப் போரின் கசப்பு என்று கிடந்த தெற்கத்தி மாநிலங்களில் அந்த ஒரு புள்ளி வெற்றியைத் திருவிழாவாகக் கொண்டாடினார்கள். அப்புறம் 1958-இல் பால் ‘பேர்’ பிரையண்ட் அலபாமா அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். ஆர்கன்சாவின் ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 25 பருவங்கள், ஆறு தேசிய சாம்பியன் பட்டங்கள். கடைசி ஆட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாமல் 1983 ஜனவரி 26 அன்று இறந்துபோனார். பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்ஹாம் வரை இறுதி ஊர்வலம் போன வழியெங்கும், சாலையோரத்திலும் மேம்பாலங்களிலும், ஜனங்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு பரீட்சையாவது எழுதியிருப்பார்கள்?

அப்படி ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். என் காரைப் பழுது பார்க்கிற மெக்கானிக், அறுபதைத் தாண்டியவர். பட்டறைச் சுவரில் ஒரு சின்ன டிவி, ஆயில் ஃபில்டர் அடுக்கின் மேல் ஒரு பழைய ரேடியோ. சனிக்கிழமை ஆட்டம் தொடங்கியதும் டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டு, ரேடியோவில் அலபாமா அணியின் சொந்த வர்ணனையைப் போடுவார். டிவி வர்ணனையாளர்களுக்கு நம் பையன்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பார். ரேடியோ சில நொடிகள் முந்திக்கொள்ளும். திரையில் பந்து இன்னும் கிளம்பியே இருக்காது, ரேடியோவில் டச்டவுன் ஆகி, புள்ளிகள் விழுந்துவிட்டிருக்கும். அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டு, அப்புறம் நிதானமாகத் திரையில் அதை ரசித்துப் பார்ப்பார். 1979 ஜனவரியில் பென் ஸ்டேட் அணியை எல்லைக் கோட்டுக்கு ஒரு கெஜத்துக்குள் தடுத்து நிறுத்தி 14-7 என்று வென்ற ஆட்டத்தைக் கேட்டுவிட்டால் போச்சு, கவுண்டரில் நட்டுகளையும் போல்ட்டுகளையும் பரப்பி யார் எங்கே நின்றார், எந்த இடைவெளியை யார் அடைத்தார் என்று காட்டுவார். அப்போது அவர் பள்ளிக்கூடப் பையன். அப்பா எஃகு ஆலையில் வேலை பார்த்தவர். குடும்பத்தில் ஒருவரும் டஸ்கலூசாவில் படித்ததில்லை. நான்கு வருடம் அங்கே படித்துவிட்டுச் சிகாகோவுக்கு வேலைக்குப் போனவரைவிட இவர் எந்த விதத்தில் குறைந்தவர்?

ஆனால் இந்த மாநிலத்தின் கதையை இவ்வளவு இனிப்பாகவே சொல்லிவிட்டுப் போக முடியாது. பணமில்லாமல் கல்லூரிக்குப் போகாதவர்கள் ஒரு வகை. போகக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் இன்னொரு வகை. 1956-இல் ஆதரீன் லூசி என்ற கறுப்பினப் பெண் டஸ்கலூசாவில் சேர்ந்தபோது கும்பல் திரண்டது. பல்கலைக்கழகம் அவரைத்தான் வெளியேற்றியது. 1963 ஜூன் 11 அன்று விவியன் மலோனும் ஜேம்ஸ் ஹூடும் சேர வந்தபோது ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலில் வந்து நின்றுகொண்டார். கூட்டாட்சிப் படை வந்த பிறகே விலகினார். கறுப்பின மக்கள் கட்டிய வரியும் சேர்ந்து நடந்த பல்கலைக்கழகம் அது. அணியோ 1971-இல்தான் முதல் கறுப்பின வீரரைக் களத்தில் இறக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, பர்மிங்ஹாமிலேயே வந்து ஆடிய தெற்குக் கலிபோர்னியா அணி, சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின வீரரின் ஓட்டத்தால் அலபாமாவை 42-21 என்று துவைத்தெடுத்திருந்தது. இந்த மாநிலத்தில் யாருக்கும் இல்லாத செல்வாக்கு பிரையண்டுக்கு இருந்தது. அவர் அந்தக் கதவை இன்னும் முன்னாலேயே திறக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இன்று சிவப்புச் சட்டை போட்டு, அலபாமா ரசிகர்களின் முழக்கமான ‘ரோல் டைட்’ என்று கூவுகிற கறுப்பினப் பாட்டி ஒருவரைப் பார்க்கும்போது, அந்தக் கூவலில் எத்தனை பெருந்தன்மை இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த இடத்தில் ஒருவர் ஆபர்ன் மரங்களைப் பற்றிக் கேட்பார் என்று தெரியும். 2010 நவம்பரில் ஆபர்ன் 28-27 என்று வென்ற பிறகு, அலபாமா ரசிகர் ஒருவர் ஆபர்ன் ரசிகர்கள் கூடி வெற்றியைக் கொண்டாடும் டூமர்ஸ் கார்னர் என்ற முனையில் நின்ற பழைய ஓக் மரங்களின் வேரில் களைக்கொல்லியை ஊற்றினார். பிறகு அவரே ரேடியோ நிகழ்ச்சிக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னார். 2013-இல் மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று, அவர் சிறைக்குப் போனார். அவர் அலபாமாவில் படித்தவர் இல்லை, படிக்காதவன் புத்தி இப்படித்தான் என்று அப்போது பலர் சொன்னார்கள். அது கொடுமையான காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் 1963-இல் வாசலை மறித்து நின்ற வாலஸ் யார்? அதே பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டதாரி.

மற்ற இடங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். நெப்ராஸ்காவில் பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. லிங்கன் நகரத்து மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 நவம்பரிலிருந்து ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை. 2024-இல் அது 400 ஆட்டங்களைத் தொட்டது. ஆட்ட நாளில் ஓமஹா, லிங்கன் இரண்டுக்கும் அடுத்தபடி மாநிலத்தில் அதிக ஜனம் இருப்பது அந்த ஸ்டேடியத்துக்குள்தான். சோள விவசாயிகள் குடும்பத்தோடு பல மணி நேரம் வண்டி ஓட்டி வருகிறார்கள்.

ஜார்ஜ்டவுன் கதையிலும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். தலைநகர் வாஷிங்டனில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பழைய ஜெசூட் (இயேசு சபை) பல்கலைக்கழகம் அது. 1838-இல் அதை நடத்திய பாதிரிமார்கள் கடனை அடைக்க 272 அடிமைகளை விற்றார்கள். அங்கே 1972-இல் அதே நகரத்தில் வளர்ந்த ஜான் தாம்சன் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆனார். 1984-இல் கல்லூரிக் கூடைப்பந்தின் உயர்மட்டப் பிரிவில் தேசியப் பட்டம் வென்றார், அப்படி வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். பல நகரங்களில் கறுப்பின இளைஞர்கள் ஜார்ஜ்டவுன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அந்தக் கல்லூரியின் வாசலைக்கூடப் பார்த்திராத பிள்ளைகள். 1989 ஜனவரியில், நுழைவு மதிப்பெண் குறைந்த வீரர்களுக்கு உதவித்தொகையை மறுக்கும் புதிய விதியை எதிர்த்து, தாம்சன் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் அரங்கை விட்டு வெளியேறினார். ஜாக்கெட் போட்ட அந்தப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு அடைபடக் கூடாது என்று ஒரு பயிற்சியாளர் எழுந்து நடந்தார். இந்த விளையாட்டில் நான் மிகவும் மதிக்கும் செயல் அது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். 1984-இல் உச்ச நீதிமன்றம் தொலைக்காட்சி உரிமையை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் தனிப்பிடியிலிருந்து விடுவித்தது. அதிலிருந்து சனிக்கிழமை முழுக்க ஆட்டங்கள். அந்த ஒளிபரப்புக்குக் கிடைக்கும் விலை, பட்டம் வாங்கிய சில லட்சம் பேர் பார்ப்பதால் மட்டும் வருவதா? அங்கே படிக்காத கோடிக்கணக்கானவர்கள் பார்ப்பதால் வருவது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-இலிருந்து பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் ஆண்டின் உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். உழைக்கிற பையன்களுக்குப் பணம் போவது நியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஒரு வீரர் மூன்று வருடத்தில் மூன்று கல்லூரி மாறுகிறார், அதையும் நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். நாற்பது வருடமாக இடம் மாறாமல் நிற்கிற ரசிகரை மட்டும் ‘உனக்கும் இந்தக் கல்லூரிக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்கிறோம்.

அதே நாற்பது வருடத்தில் கல்லூரிகள் எந்தப் பக்கம் நகர்ந்தன? அலபாமா பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்களில் பாதிக்கு மேல் இன்று வெளிமாநிலத்தவர். ஃபுட்பால் வெற்றி கொண்டுவந்த பெயர் அவர்களை இழுத்தது. அவர்கள் கட்டும் கூடுதல் கட்டணம் பல்கலைக்கழகத்துக்குத் தேவைப்பட்டது. மாநில அரசுகள் உயர்கல்வி நிதியைக் குறைத்ததும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரை ஊட்டி வளர்த்தவர்கள் எஃகு ஆலைக்காரர்களும் பருத்திக் காட்டுக்காரர்களும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்த வகுப்பறை எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா?

நான் கேட்பது இரண்டே விஷயம். ஒளிபரப்புப் பணத்தில் ஒரு நிலையான பங்கை, இந்த மாநிலத்தில் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் கட்டணத்துக்கு ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பகுதி இருக்கைகளை, டிக்கெட் வாங்கும் உரிமைக்கென்று தனியாக நன்கொடை கட்டாமல் சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் வைக்க வேண்டும். இந்த அரங்கில் உள்ள பலர் இங்கே வரி கட்டுகிறீர்கள், சிலர் வாக்களிக்கவும் செய்கிறீர்கள். பொங்கல் விழாவுக்கு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் யாரையாவது அழைத்தால், படம் எடுத்துக்கொள்வதற்கு முன்னால் இந்த இரண்டையும் அவரிடம் கேட்டுவிடுங்கள். நன்றி.