அதிகாரம் இருந்தும் செலுத்தவில்லை

(சேகரத்து, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளின், ஆண்கள் ஐக்கியக் கூடுகையில் பேசியது)

தலைமை வகிக்கும் சேகரகுரு ஐயா அவர்களே, ஜெபத்தோடு தொடங்கி வைத்த உபதேசியார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் அம்மா அவர்களே, பள்ளித் தாளாளர் அவர்களே, பாடகர் குழுத் தம்பி தங்கைகளே, சகோதரர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

தலைவர் அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் நான் நன்றி கெட்டவன். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதையில், மழைக்காலத்தில் பெட்டியைச் சுமந்துகொண்டு சேற்றில் வழுக்கி வழுக்கி நடந்தது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். அந்தப் பாதைக்குச் சிமெண்ட் போட்டுக் கொடுத்தவர்கள் இவர்கள். நம் சபையார் இல்லை. ஓட்டுக் கேட்டு வந்தபோது சொன்னதும் இல்லை, ஜெயித்த பிறகு தானாகவே செய்தார்கள். அம்மாவுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். தாளாளர் ஐயா இந்த ஹாலை வாடகை வாங்காமல் தந்திருக்கிறார்கள். நாற்காலி போதவில்லை என்றதும் தம் அறையில் கிடந்ததையும் எடுத்துவரச் சொன்னார்கள். அவர்களுக்கும் நம் நன்றி.

எனக்குக் கொடுத்த வசனம் பிலிப்பியர் 2:4. "அவனவன் தனக்கானவைகளையல்ல, பிறருக்கானவைகளையும் நோக்குவானாக." மூன்று பகுதியாகப் பேச வேண்டும் என்று குறித்து வந்திருக்கிறேன். பவுல் அப்போஸ்தலன் என்ன செய்தார். நம் வீடுகளில், முக்கியமாகக் கூடப்பிறந்த பெண்பிள்ளைகளுக்குச் சொத்துப் பிரிக்கிற விஷயத்தில், என்ன நடக்கிறது. ஊருக்குள் சபை எப்படி இருக்க வேண்டும்.

என் ஆச்சி எழுதப் படிக்கத் தெரியாதவள். வரப்புத் தகராறு என்று யார் வந்து நின்றாலும் வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒன்றுதான் சொல்வாள்: "விட்டுக்கொடுத்தவன் கெட்டுப்போனதில்லை." நான் ஏறிய மேடையிலெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன், இன்றும் சொல்வேன்.

கொரிந்து பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதிய நிருபம், 1 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நாம் இன்று உரிமை என்கிறோமே, அதற்கு நம் வேதாகமத்தில் 'அதிகாரம்' என்ற சொல். "புசிக்கவும் குடிக்கவும் எங்களுக்கு அதிகாரமில்லையா?" என்று கேட்கிறார் பவுல். சொந்தச் செலவில் எவன் போருக்குப் போவான்? திராட்சத்தோட்டம் போட்டவன் அதன் பழத்தைத் தின்னமாட்டானா? போரடிக்கிற மாட்டுக்கு வாயைக் கட்டக்கூடாது என்று நியாயப்பிரமாணமே சொல்கிறதே? வக்கீல் வாதாடுவது போலப் பதினொரு வசனம். சபை தன்னைச் சாப்பாடு போட்டுக் காப்பாற்ற வேண்டியது தன் உரிமை என்று யாரும் மறுக்க முடியாதபடி நிரூபித்துவிடுகிறார். அப்புறம் 12-ஆம் வசனம் பாதியில் திரும்புகிறது: இந்த அதிகாரத்தை நாங்கள் செலுத்தவில்லை என்கிறார். அவ்வளவுதான்! இதைச் சொல்லவா இத்தனை வாதம்? ஆமாம். உரிமை இல்லாதவன் எதை விட்டுக்கொடுப்பான்? கொரிந்துவில் ஒன்றரை வருஷம் இருந்தார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கி அவர்களோடு கூடாரம் பண்ணும் தொழில் செய்தார்.

ஆதியாகமம் 26-இல் ஈசாக்கையும் பாருங்கள். நம் பக்கம் கிணற்றுக்காக வெட்டுக்குத்து நடந்த ஊர்கள் உண்டு. ஈசாக்கின் வேலைக்காரர்கள் ஒரு கிணறு தோண்டுகிறார்கள், ஊற்று வருகிறது. கேராரூர் மேய்ப்பர்கள் வந்து, தண்ணீர் எங்களுடையது என்கிறார்கள். தோண்டியவன் ஈசாக்கு, வியர்வை அவன் ஆட்களுடையது. ஏசேக்கு, அதாவது வாக்குவாதம், என்று பேர் வைத்துவிட்டு நகர்கிறான். அடுத்த கிணற்றுக்கும் சண்டை. சித்னா, அதாவது பகை, என்று பேர் வைத்துவிட்டு அதையும் விடுகிறான். மூன்றாவதுக்குச் சண்டை வரவில்லை, அது ரெகொபோத், விசாலமான இடம். ஆச்சி இதை வாசித்ததில்லை, ஆனாலும் விட்டுக்கொடுத்தவன் கெட்டுப்போனதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சரி, நம் ஊருக்கு வருகிறேன்.

நான் சபைக் கமிட்டியில் இருந்த காலம். நம் ஆலயக் கோபுரத்தில் நாலு குழாய் ஒலிபெருக்கி, நாலு திசைக்கும். காலை நாலரைக்குப் பாட்டுப் போடுவோம். கோயிலுக்குப் பின்தெருவில் இருந்து ஓர் அம்மா என் வீட்டுக்கு வந்தாள். பீடி சுற்றுகிறவள், நம் சபை இல்லை. கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. உள்ளே வாம்மா என்றேன், வரவில்லை, படியிலேயே உட்கார்ந்தாள். வெயிலைப் பற்றிப் பேசினாள், என் பேத்தியை விசாரித்தாள். எழுந்து போகும்போதுதான் வாயைத் திறந்தாள். "பாட்டெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு. கொஞ்சம் மெதுவா வச்சா..." அதற்குமேல் சொல்லவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முறைப்படி அனுமதி வாங்கித்தாம்மா போடுறோம். எல்லாக் கோயில்லயும்தான் போடுறாங்க." அவள் "சரிங்க சார்" என்று போய்விட்டாள். அந்தக் கீரையை அன்று மத்தியானம் நாங்கள் சமைத்துச் சாப்பிட்டோம். எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

நாலைந்து மாதம் கழித்து, வாக்காளர் பட்டியல் சரிபார்க்கிற வேலையாக அந்தத் தெருவுக்குப் போனேன். சாயங்காலம். அவள் வாசலில் சுளகை மடியில் வைத்து இலைக்குள் தூளை அள்ளிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஆயிரம் பீடி முடிக்க ராத்திரி ஒரு மணி ஆகிவிடும் என்றாள். வீட்டுக்காரர் பெயரைச் சரிபார்க்க உள்ளே எட்டிப் பார்த்தேன். அடுப்படியில் கட்டில். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. முன்னறையில் காற்று வருமே, ஏன் இங்கே போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. முன்னறை ஜன்னலைப் பார்த்தேன். கம்பிகளுக்கு நடுவே பழைய சேலையைத் திணித்து, அதன்மேல் சாக்கை வைத்துத் தைத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து நம் கோபுரத்தில் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சத்தம். நம் கன்வென்ஷன் கூட்டங்கள் அன்று ராத்திரி தொடக்கம். அலமாரித் தட்டில் எவர்சில்வர் டம்ளர் கிடுகிடு என்று ஆடியது. கட்டிலில் கிடந்தவர் இடது கையைத் தூக்கிக் காதை மூடினார். வலது கை விழுந்துபோனது. ஒரு கைதான், ஒரு காதைத்தான் மூட முடிந்தது. மற்றக் காதைத் தலையணையில் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

சகோதரர்களே, அந்த ராத்திரி கன்வென்ஷனில் 1 கொரிந்தியர் 13 வாசித்தது நான்தான். அன்பு இல்லாவிட்டால் "சத்தமிடுகிற வெண்கலம்போலவும், ஓசையிடுகிற கைத்தாளம்போலவும் இருப்பேன்" என்று அந்த நாலு குழாய் வழியாக வாசித்தேன். பாதியில் எனக்குக் குரல் அடைத்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தவை. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. அப்படியானால் நாலரை மணிப் பாட்டுக்கு எந்த அனுமதியும் செல்லாது. நான் அந்த அம்மாவிடம் சொன்னது தவறு. அதே 2000-ஆம் வருஷம் ஆகஸ்டில், சென்னையில் ஒரு ஜெபவீட்டின் சத்தம் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்தவன் அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பது அதன் சாரம். நீதிபதிகள் நமக்குச் சொல்ல வேண்டிய நிலை வந்ததே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பவுல் சொன்னதற்கு நாம் காது கொடுத்திருந்தால் கோர்ட் வரைக்கும் போயிருக்காது.

மற்றவர்களும் போடுகிறார்களே என்பீர்கள். மேய்ப்பர்கள் முதலில் விடட்டும் என்று ஈசாக்கு காத்திருந்தானா? மணியை எடுக்கச் சொல்லவில்லை. மணி ஒரு நிமிஷம் அடித்து ஓய்ந்துவிடும், ஊருக்கே அது பழகின சத்தம். குழாய்கள்தான் இறங்க வேண்டும். ஆலயத்துக்குள் இரண்டு பெட்டி ஸ்பீக்கர் போதும். அதுவும் லெந்து என்னும் தபசு நாட்கள் தொடங்குமுன்னே செய்ய வேண்டும். பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில் வருகிறது, நம் லெந்துக் கூட்டங்களும் அப்போதுதான். கோயிலைச் சுற்றி எத்தனை வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விட்டுக்கொடுத்தவன் கெட்டுப்போனதில்லை, ஐயா. நம் பாட்டு கேட்காமல் யாருடைய விசுவாசமும் குறையாது.

சேகரகுரு ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். வீட்டுப் பெண்பிள்ளைகளின் பங்கு பற்றிப் பேச நேரமில்லை. அது தனிக் கூட்டத்துக்கான விஷயம், கூப்பிட்டால் வருகிறேன்.

குழாய்களை இறக்கும் விஷயத்தை இரண்டு தடவை கமிட்டியில் வைத்தேன். இரண்டு தடவையும் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று மினிட்ஸில் எழுதியிருக்கிறார்கள். இன்று ஒரு நோட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். வாசல் மேஜையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்து நான் போட்டுவிட்டேன். சாப்பிடப் போகுமுன் போட்டுவிட்டுப் போங்கள். கட்டில் இன்னும் அந்த அடுப்படியில்தான் கிடக்கிறது.