21 லட்சம் பேர் உள்ள நாடு, மலைபோல மருந்து ஏற்றுமதி! கணக்கில் ஒளிந்திருக்கும் டெய்லர் கடை

[திரையில்: ஐரோப்பிய வரைபடம், ஒரு துளி மட்டும் பச்சையில்]

ஒரு பக்கம் இத்தாலி, மேலே ஆஸ்திரியா, அந்தப் பக்கம் ஹங்கேரி, கீழே குரோஷியா. நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் இந்தக் குட்டி நாடுதான் ஸ்லோவேனியா. இதன் ஏற்றுமதியில் சமீப ஆண்டுகளில் முதலிடம் பிடித்த நாடு எது? பக்கத்து வீட்டுக்காரர்கள் நால்வரும் இல்லை. நெடுநாள் முதலிடத்தில் இருந்த ஜெர்மனியும் இல்லை. எல்லையைக்கூடத் தொடாத சுவிட்சர்லாந்து!

காரணம் மருந்து. ஆனால் சுவிஸ்காரர்கள் ஸ்லோவேனிய மாத்திரையை வாரி வாரி விழுங்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

நாம் பட்டுத்துணி எடுத்துக்கொடுத்து டெய்லரிடம் ரவிக்கை தைத்து வாங்குகிறோம். துணி உள்ளே போகும்போது டெய்லர் அதைக் ‘கொள்முதல்’ என்று எழுதுகிறார். தைத்துத் தரும்போது பட்டின் முழு விலையையும் சேர்த்து ‘விற்பனை’ என்று எழுதுகிறார். நோட்டைப் பார்த்தால் ஆள் பட்டு வியாபாரி! கையில் நின்றதோ தையல் கூலி. சுவிஸ் கணக்கில் பெரும்பகுதி இப்படித்தான். மருந்து வருகிறது, இங்கே ஆகவேண்டிய வேலை ஆகிறது, திரும்பிப் போகிறது. சரக்கு கடைசிவரை சுவிஸ் முதலாளியுடையதுதான். ஆகவே ‘ஸ்லோவேனிய மருந்துத் துறை ராக்கெட் வேகம்’ என்று யாராவது கிராஃப் காட்டினால், பட்டு யாருடையது என்று முதலில் கேளுங்கள்.

சரி, வரலாறு. யுகோஸ்லாவியா காலத்தில் இரண்டு மருந்துக் கம்பெனிகள் பிறந்தன: தலைநகர் லியுப்லியானாவில் 1946ல் லெக், நோவோ மெஸ்தோ என்ற ஊரில் 1954ல் க்ர்கா. 1991ல் ஸ்லோவேனியா தனி நாடு. 2002ல் சுவிஸ் மருந்துக் கம்பெனி நோவார்டிஸ் லெக்கை வாங்கியது. 2023ல் நோவார்டிஸிலிருந்து தனிக் கம்பெனியாகப் பிரிந்த அதன் மாற்று மருந்துப் பிரிவு சாண்டோஸோடு லெக்கும் போனது. முடிந்தது, தூங்காதீர்கள்.

க்ர்கா என்பது நோவோ மெஸ்தோ ஆற்றின் பெயர். பெயரில் உயிரெழுத்தைத் தேடாதீர்கள், ஸ்லோவேனிய எழுத்தில் கடைசியில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 2024ல் விற்பனை சுமார் 190 கோடி யூரோ. சொந்த நாட்டில் விற்றது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தனி நாடாகப் பார்த்தால் பெரிய சந்தை ரஷ்யா. மாஸ்கோ பக்கம் தொழிற்சாலையே உண்டு. எனக்கு இது நெருடுகிறது. ரஷ்ய நாணயமான ரூபிள் சரிந்தாலே நோவோ மெஸ்தோவுக்குத் தும்மல் வரும். கிழக்கேயும் கால் ஊன்றுகிறார்கள்: நம் ஹைதராபாத் மருந்துக் கம்பெனி லாரஸ் லேப்ஸோடு கூட்டு நிறுவனம்.

[திரையில்: மருந்துக்கடை கவுன்ட்டர்]

உள்ளூர்ச் சந்தை? ஆஸ்திரியா, ஜெர்மனி, பிரான்ஸ் விலைகளைப் பார்த்துத்தான் இங்கே மருந்து விலைக்கு உச்சவரம்பு. அப்புறம் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகக் கொடுக்கலாம் என்ற மருந்துகளுக்குத் தனிப் பட்டியல். டாக்டர் எழுதியது கம்ப்யூட்டரில் வந்துவிடும். பிரஷர் மாத்திரைக்குக் காப்பீட்டுக் கார்டை நீட்டுகிறீர்கள். காப்பீடு தரும் தொகைக்குள் ஒரு பெட்டி இருக்கிறது. ‘எனக்கு அந்தப் பழைய கம்பெனிதான் வேண்டும்’ என்றால் மிச்சக் காசு உங்கள் பர்ஸிலிருந்து. பிராண்டுப் பிடிவாதம் சட்டென்று கரைந்துவிடும்!

ஐந்தில் ஒருவருக்கு மேல் 65 வயதைத் தாண்டிய நாடு. மாத்திரை கூடும், மாத்திரை விலை ஏறாது. பணம் போகப்போவது ஆஸ்பத்திரியில் ஏற்றும் உயிரி மருந்துகளுக்கு. அவற்றின் காப்புரிமை முடிந்ததும் வருவது பயோசிமிலர். சாதா மாத்திரையை அச்சு அசலாகச் செய்யலாம். இதுவோ உயிருள்ள செல்லில் விளைவது. ஒரே உறை ஊற்றினாலும் ரெண்டு வீட்டுத் தயிர் ஒன்றாக இருக்குமா? அதனால்தான் ‘அதே மருந்து’ என்று சொல்லாமல் ‘அதை ஒத்த மருந்து’ என்கிறார்கள். ஐரோப்பாவில் 2006ல் முதல் பயோசிமிலராக அனுமதி வாங்கியதே சாண்டோஸின் வளர்ச்சி ஹார்மோன்தான்.

அந்த சாண்டோஸ், ஹங்கேரி எல்லையோர ஊரான லென்டாவாவில் குறைந்தது 40 கோடி டாலரில் பயோசிமிலர் ஆலை கட்டுவதாக 2023ல் அறிவித்தது. என் கண் மருந்துக்கடை விற்பனையில் இல்லை, அங்கேதான். பட்டும் தறியும் அங்கே கம்பெனியுடையதே, தையல் கூலி இல்லை. ஆனால் உயிரி மருந்து தெரிந்த ஆட்கள் அந்த எல்லையோரத்துக்கு எத்தனை பேர் குடிபோவார்கள்?

உங்கள் கணிப்பைக் கமென்ட்டில் போடுங்கள். க்ர்கா வெந்நீர் ஊற்றுக் குளியல் ஹோட்டல்களும் நடத்துகிறது. அதற்குத் தனி வீடியோ வேண்டுமென்றால் ‘குளியல்’ என்று எழுதுங்கள், துண்டோடு வருகிறேன்.